இஸ்திரி அக்கா ஊர் பார்த்த ஈஸ்டர்

ஈஸ்டருக்கு லீவு வேண்டும் என்று இஸ்திரி அக்கா கேட்டதும், அது தன் காதில் விழுந்ததாகவே மேனேஜரம்மா காட்டிக்கொள்ளவில்லை. சாவிக்கொத்தை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "உடம்பு சரியில்லையா அக்கா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"வீட்ல யாருக்காவது ஏதாவது?"

"எல்லாரும் சௌக்கியம்."

"கல்யாணம், சாவு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு லீவு?"

"ஊர் சுத்திப் பாக்கணும்."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான் மேடம்."

மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. காலையிலிருந்து தலைவலியோடு இருந்தவருக்கு யாரோ ஒரு ஜோக் சொன்ன மாதிரியான சிரிப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கேயே இருந்துகொண்டு, இதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அதைப் பாத்தவங்கள கேக்கணும் மேடம். எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்து பாக்கறாங்களே, ஏதோ இருக்கத்தானே செய்யும்."

சிரிப்பு நின்றது. விடுதி மொட்டைமாடி வரை நிறைந்திருப்பதையும், ஞாயிறு காலையில் மெழுகு சொட்டிய துணி மலையாக வந்து குவியும் என்பதையும் மேனேஜரம்மா எடுத்துச் சொன்னார். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கும் மெழுகு எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றாள் அக்கா. அவர்கள் துணியை எரித்துவிடுவார்கள் என்றார் மேனேஜரம்மா. நானும் எரித்துத்தான் கற்றுக்கொண்டேன் என்றாள் அக்கா.

மேனேஜரம்மா சாவிக்கொத்தைத் திரும்ப பழைய இடத்துக்கே நகர்த்தினார். "போறது உங்க இஷ்டம் அக்கா. ஆனா திங்கக்கிழமை வரும்போது இஸ்திரி மேசை உங்களுக்காகக் காத்திருக்கும்னு நினைக்காதீங்க. ஈரப் பக்கத்துல ஆள் பத்தல."

"சரிங்க மேடம்."

"சரின்னா? வரீங்களா, போறீங்களா?"

"போறேன் மேடம்."

அந்தப் பழைய நகரத்தின் நடுவில் பேராலயம் இருக்கிறது. அதன் முகத்துக்கு எதிரே பெரிய சதுக்கம். அதன் முதுகை ஒட்டி யாத்ரீகர் விடுதி. விடுதியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். சலவைக்கூடத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஈரப் பக்கத்தில் பெரிய மிஷின்கள், எப்போதும் நனைந்திருக்கும் தரை, வெளுப்புத் தூளின் நெடி. அங்கே நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக இருக்கும், இருமல் நிற்காது. காய்ந்த பக்கத்தில் நீள மேசைகள், இஸ்திரிப் பெட்டிகள், சூடு. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது ஈரப் பக்கத்தில்தான் நின்றாள். அங்கிருந்து காய்ந்த பக்கத்துக்கு வருவதற்குள் அவளுடைய பெண் பள்ளிக்கூடமே முடித்துவிட்டாள். மேனேஜரம்மா எதைக் காட்டி மிரட்டினார் என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அவளுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஈஸ்டர் என்றால் ஊருக்கெல்லாம் உயிர்ப்பு, அக்காவுக்கு மெழுகு. சனிக்கிழமை இரவு வழிபாட்டில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நெருக்கியடித்து நிற்பார்கள். பின்னால் நிற்பவரின் மெழுகு முன்னால் நிற்பவரின் முதுகில் சொட்டும். பக்தியில் யாரும் கவனிப்பதில்லை. மறுநாள் காலையில் கோட்டு, சால்வை, சட்டை எல்லாம் அடித்தளத்துக்கு இறங்கி வரும். காய்ந்த மெழுகை முதலில் நகத்தால் சுரண்ட வேண்டும். அப்புறம் பழுப்புத் தாளை மேலே போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரி வைத்தால் மிச்சமிருக்கும் மெழுகு தாளுக்கு ஏறிவிடும். இதற்காகவே ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் நெருங்கும்போது இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவாள். அந்த நகத்தைப் பார்த்தே விடுதியில் நாள் கணக்குச் சொல்வார்கள்.

விருந்தாளிகளின் முகம் அவளுக்குத் தெரியாது. தலையணை உறை தெரியும். முன்கூடத்தைத் தொடாமல் போய்வர ஊழியர்களுக்கு வேறு வழி இருந்தது. அவள் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் வாரநாள் மாலையில், பக்கவாசல் வழியாக, வேலை முடிந்த கையோடு. சதுக்கத்தில் ஈஸ்டர் நண்பகல் மணி அடிக்கும்போது அவள் ஒருமுறைகூட நின்றதில்லை.

அதை அவளுக்கு ஞாபகப்படுத்தியது அவளுடைய பெண்தான். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போன ஈஸ்டருக்குப் போனில் பேசும்போது, சின்ன வயதிலிருந்தே டிவியில் சதுக்கத்தைக் காட்டும்போதெல்லாம் கூட்டத்தில் உன்னைத் தேடுவேன் என்றாள். "இன்னைக்குக் கூடத் தேடினேன்மா. நீ எந்தப் பக்கம் இருந்தே?"

"டிவியில தெரியாத பக்கம்" என்று சொல்லிச் சிரித்தாள் அக்கா. போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பதில் ஒரு வருஷம் முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அவளுடைய வீட்டுக்காரர் சுற்றுலா பஸ் டிரைவர். வியாழக்கிழமை யாத்ரீகர்களைக் கொண்டுவந்து இறக்குவார், திங்கட்கிழமை திரும்ப ஏற்றிப் போவார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு வேலை இல்லை. வருஷா வருஷம் அன்றைக்குத் தூங்குவார். கல்யாணத்துக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டையையே வேண்டுமென்று கசக்கிக்கொண்டு மறுபடியும், அவள் துணி வாங்க நிற்கும் நேரமாகப் பார்த்து, சலவைக்கூட ஜன்னலுக்கு வந்த ஆள். அந்தக் கசங்கல் தானாக வந்தது இல்லை என்று அக்கா முதல் தடவையே கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் சொன்னாள்.

இப்போது லீவு விஷயத்தைச் சொன்னதும், ஈரப் பக்கத்துக்கு மாற்றிவிடுவார்களே என்று அவர் கவலைப்படவில்லை. கவலைப்பட்டாலும் வெளியே காட்டவில்லை. "சரி மேடம். ஊரை நான் சுத்திக் காட்டறேன். என்னைவிட இந்த ஊரு தெரிஞ்சவன் யாரு?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவள் மேடம் ஆகிவிட்டாள்.

ஞாயிறு காலை இரண்டு பேரும் நல்ல உடுப்பு உடுத்தினார்கள். அவருடைய சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை. நகத்தை வெட்டிவிடு என்று அவர் சொன்னார். வளர்ந்தது வளர்ந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் அவர். "இன்னைக்கு உன் கை எந்த வேலையும் செய்யக் கூடாது. செஞ்சா நான் சொல்லுவேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"மேடம், கை."

அவர்கள் வீடு பழைய மதிலுக்கு உள்ளேதான், விடுதிக்கு இரண்டு சந்து தள்ளி. அங்கிருந்து நேராகச் சதுக்கத்துக்கு நடந்துவிடலாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் கோட்டைவாசல் வழியாகத்தானே வருவார்கள்? ஆகவே பின்சந்து வழியாக ஊரைவிட்டு வெளியே போய், மதிலைச் சுற்றி நடந்து, கோட்டைவாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று உள்ளே நுழைந்தார்கள். தண்ணீர் விற்கும் ஆள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "என்னக்கா, இப்பத்தான பின்சந்து வழியா வெளிய போனீங்க?" என்றான். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாசல் வளைவை முழுசாகப் பார்த்தாள். வளைவின் உச்சியில் கல்லில் ஒரு சிங்கம் இருந்தது. இத்தனை வருஷமாக அதன் கீழே போய்வந்திருக்கிறாள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு ஒரு காது இல்லை.

டிரைவர் வேலையை ஆரம்பித்தார். வழிகாட்டிகள் பஸ்ஸில் மைக்கைப் பிடித்துப் பேசியதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதே ராகத்தில், "உங்கள் இடது புறத்தில் நீங்கள் காண்பது, படையெடுப்பில் இடிந்து மீண்டும் கட்டப்பட்ட காவற்கோபுரம்" என்றார்.

அக்கா இடது புறம் திரும்பிப் பார்த்தாள். செருப்புக் கடை.

"அடுத்ததாக உங்கள் இடது புறத்தில், துறவிகள் மௌனம் காத்த மடம்."

இடது புறத்தில் கோழி வறுக்கும் கடை. வாசலில் ஆட்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

பஸ் எப்போதும் அந்தத் தெருவில் எதிர்த் திசையிலிருந்துதான் வரும். அவர் பார்த்த ஊர் முழுக்கவும் அந்தத் திசையிலேயே இருந்தது. இது அவருக்குப் பாதித் தெருவில்தான் உறைத்தது. அதற்குள் குரலில் இருந்த கம்பீரத்தைக் கேட்டு ஒரு குடும்பம் பின்னால் சேர்ந்துகொண்டது. அவர்களைப் பார்த்து இன்னொரு ஜோடி. நிறுத்தினால் மானம் போய்விடும் என்று அவரும் நிறுத்தவில்லை. இடதையெல்லாம் வலதாக்கிச் சொல்லிக்கொண்டே போனார். கிழவர் ஒருவர் சந்தேகம் கேட்டார், அதற்கும் பதில் சொன்னார். அந்த ஊர்வலம் ஒரு வளைவு திரும்பி, இன்னொரு வளைவு திரும்பி, டீசல் வாடை அடிக்கும் ஒரு பெரிய மைதானத்தில் போய் நின்றது. வரிசையாகப் பஸ்கள். அவருடைய பஸ்ஸும் ஓரமாக நின்றது.

"என்னங்க" என்றாள் அக்கா மெல்ல. "ஊரைக் காட்டறேன்னு பஸ் ஷெட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"எல்லா ரூட்டும் இங்கதான் முடியும்" என்றார் அவர், அசடு வழிய.

பின்னால் வந்த கிழவர், இங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்றார் டிரைவர். அது ஒன்றுதான் அன்று காலை அவர் சொன்னதில் யாரும் குறை காண முடியாத தகவல். எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது கிழவர் தன் போனை அக்காவிடம் நீட்டி, தன்னையும் மனைவியையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்.

அதிலிருந்து அது தொடர்கதையாகிவிட்டது. இரண்டு பேரிடமும் அவசரம் தெரியவில்லை, கையில் கேமரா இல்லை. ஆகவே பார்ப்பவர்களெல்லாம் போனை நீட்டினார்கள். கிணற்றடியில் ஒரு கல்லூரிக் கூட்டம், தேய்ந்த படிகளில் சகோதரிகள், சுவர்ச் சித்திரத்துக்கு முன்னால் தனியாக வந்த ஒரு மனிதர். விரிப்பின் நாலு மூலையும் நேராக வருகிறதா என்று பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. யாருடைய தலையும் காலும் வெட்டுப்படாமல் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ ஆள் போனதும் டிரைவர் குனிந்து, "மேடம், கை" என்றார்.

"இதுவும் வேலையா?"

"சம்பளம் இல்லாத வேலை."

காப்பி குடிக்க உட்கார்ந்த இடத்தில் இன்னும் மோசம். மேசை விரிப்பில் உள்ளங்கையை ஓட்டி, ஈரம் காயாமல் தேய்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். துடைத்துக்கொள்ளக் கொடுத்த துணியை அவளறியாமல் விசிறி மடிப்பாக மடித்து நிமிர்த்தி வைத்துவிட்டாள். பரிமாற வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஓட்டல்காரங்களா என்று கேட்டாள். "இல்லம்மா, வெளியூர்" என்றாள் அக்கா. டிரைவருக்குக் காப்பி புரையேறியது.

பேராலயத்துக்கு உள்ளே போக வரிசை சதுக்கத்தின் பாதியைச் சுற்றி நின்றது. இருவரும் கடைசியில் போய் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் காவலாளி ஒருவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். அவருடைய சீருடைக்கு இஸ்திரி போடுபவள் அவள்தான். "இங்க ஏன்க்கா நிக்கறீங்க? பக்கவாசல் தொறந்துதான் இருக்கு, வாங்க" என்றார். முன்னாலிருந்தவர்கள் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரின் ஒரு கால் ஏற்கெனவே வரிசையைவிட்டு வெளியே போய்விட்டது.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பக்கவாசல்ல நான் போகாத நாளா? முன்வாசல்ல போகத்தான் வந்திருக்கேன்" என்று காவலாளியிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். நின்றார்கள். கால் வலித்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெரிய கதவு கடைசியில் எதிரே வந்து, நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தபோது, பக்கவாசலிலிருந்து எப்போதும் தூணாக மட்டுமே தெரிந்த இடம் முழுசாக, நீளமாக, பீடம்வரை ஒரே பார்வையில் விரிந்தது. வலது பக்கம் எங்கோ தூரத்தில் அந்தப் பக்கவாசல் சின்னதாக, அலமாரிக் கதவு மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அலமாரிக்குள்ளிருந்தா இத்தனை வருஷம் எட்டிப் பார்த்தோம்?

வெளியே வந்தபோது சதுக்கம் நிரம்பியிருந்தது. நண்பகல் மணிக்காக எல்லாரும் கோபுரத்தைப் பார்த்து நின்றார்கள். டிவிக்காரர்களின் கேமரா நீளமான இரும்புக் கையில் தொங்கிக்கொண்டு தலைக்கு மேலே ஊர்ந்தது. அக்கா கூட்டத்தில் புகுந்து, நல்ல இடமாகப் பார்த்து, நட்டநடுவில் போய் நின்றாள். போதும். இனி மணி அடிக்க வேண்டியதுதான்.

அவளுக்கு நேர் முன்னால் ஒரு வெள்ளைக் கோட்டு நின்றது. நல்ல கம்பளி. அதன் முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை மெழுகு, கண்ணீர் வழிந்து காய்ந்த மாதிரி. சனிக்கிழமை இரவு மெழுகு. இந்நேரம் சுரண்டியிருக்க வேண்டும். வெயிலில் இளகினால் நூலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. அக்கா பார்வையைக் கோபுரத்துக்குத் திருப்பினாள். பார்வை கோட்டுக்கே வந்தது. மறுபடி திருப்பினாள். டிரைவர் அந்த நேரம் பார்த்துப் புறாக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கை தானாக எழுந்தது, கட்டைவிரல் நகம் மெழுகின் ஓரத்தில் வாகாக இறங்கியது. ஒரு துண்டு பெயர்ந்து வந்தது.

வெள்ளைக் கோட்டுக்காரி அலறினாள். "என் பையில கை வைக்கறா!"

சுற்றிலும் நின்றவர்கள் விலகினார்கள். கையில் பட்டை கட்டிய காவலர் ஒருவர் வந்தார். டிரைவர் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றார். அக்காவின் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது, நகத்தில் மெழுகுத் துண்டோடு.

இங்கே என்ன செய்கிறீர்கள் என்று காவலர் கேட்டார். டிரைவர் அவள் காதோரம், விடுதியில் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடு, விட்டுவிடுவார்கள் என்றார். அதுதான் சுலபம் என்று அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஊர் பாக்க வந்தேன்" என்றாள் அக்கா. "அவங்க கோட்டுல மெழுகு ஒட்டியிருக்கு. அதைத்தான் எடுத்தேன். பையைத் தொடல."

"எந்த ஊர்லேருந்து வந்திருக்கீங்க?"

"இந்த ஊர்லேருந்துதான்."

யாரோ சிரித்தார்கள். காவலருக்கு எரிச்சலாக இருந்தது. கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இல்லை, பயமும் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரி இதற்குள் கோட்டைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் திருட்டுக்கு வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் மேனேஜரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டு விடுதியின் முக்கியமான விருந்தாளி. மேனேஜரம்மா தானே அழைத்துவந்து இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அக்காவுக்கும் இப்போது பொறி தட்டியது. செம்பட்டையாகச் சாயம் பூசிய தலைமுடி. மாடி மூலை அறை. தலையணை உறையில் தினமும் ஒரே இடத்தில் செம்பு நிறத்தில் ஒரு கறை. இவள்தானா அது?

"பயப்படாதீங்க, இவங்க நம்ம இஸ்திரி அக்காதான்" என்றார் மேனேஜரம்மா விருந்தாளியிடம். காவலரைச் சிரித்தே அனுப்பிவைத்தார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிட்டது. அக்கா ஊர் பார்க்க வந்தவளாக இருந்ததும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. பிறகு மேனேஜரம்மா கோட்டை வாங்கி, கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, அக்காவைக் கொஞ்சம் ஓரமாக இழுத்தார்.

"அக்கா, விடுதி பின்னாடியேதான இருக்கு. ஒரு எட்டு போய் இதை எடுத்துக் குடுத்துட்டு வந்துடுங்க. இந்தம்மா ராத்திரியே கிளம்புறாங்க. நீங்க பண்ணா பத்து நிமிஷ வேலை."

"மணி அடிக்கப் போகுதே மேடம்."

"அடுத்த வருஷமும் அடிக்கும்." மேனேஜரம்மா குரலைத் தாழ்த்தினார். "நான் அன்னைக்குச் சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. இதைச் செஞ்சு குடுங்க, நாளைக்கு வழக்கம்போல உங்க மேசைக்கே வாங்க. எனக்கும் உங்களை ஈரத்துல நிக்க வைக்க ஆசையா என்ன?"

அக்கா கோட்டைப் பார்த்தாள். நல்ல கம்பளி, பாழாகப் போகிறது. கை அரித்தது. பத்து நிமிஷம்கூட ஆகாது. இஸ்திரி மேசை, சூடு, காய்ந்த தரை, எல்லாம் அந்தக் கோட்டின் மடிப்பில் இருந்தது. டிரைவர் 'மேடம், கை' என்றுகூடச் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் இஸ்திரி அறையில இல்ல மேடம். அங்க ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க. நம்பிக்கை இல்லேன்னா அம்மாவை அந்தக் கோட்டை நிழல்ல வைக்கச் சொல்லுங்க. தேய்க்க வேண்டாம், தண்ணி படக் கூடாது. நாளைக்கு அவங்க ஊருக்குப் பார்சல்ல அனுப்பற மாதிரி நான் எடுத்துத் தரேன். இன்னைக்கு முடியாது."

"எதுக்காகக்கா இந்தப் பிடிவாதம்? அப்படி என்ன பாக்கப் போறீங்க?"

"தெரியல மேடம். பாத்துட்டுச் சொல்றேன்."

மேனேஜரம்மா வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்தது யாருக்கும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

முதல் மணி விழுந்ததும் புறாக்கள் மொத்தமாக எழும்பின. பிறகு மற்ற மணிகளும் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். சிலர் அழுதார்கள். வெள்ளைக் கோட்டுக்காரி கோட்டை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா கண் கொட்டாமல் கோபுரத்தைப் பார்த்தாள், காதைத் தீட்டிக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரரின் காதருகே போய்ச் சத்தமாக, "என்னங்க, அங்க இதைவிட நல்லாக் கேக்குமே!" என்றாள்.

உண்மைதான். சலவைக்கூடம் கோபுரத்தின் அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கே மணி அடித்தால் மேசை அதிரும், தகர டப்பாவில் இருக்கும் பொத்தான்கள் துள்ளும், சத்தம் பாதம் வழியாக ஏறும். இங்கே அது வானத்தில் கலந்து மெலிந்து வந்தது.

"அப்ப திரும்பிடலாமா?" என்றார் டிரைவர்.

"உதை வாங்குவீங்க."

கடைசி மணி ஓயும்வரை நகராமல் நின்றாள். சத்தம் குறைவு என்று இங்கே வந்து நின்றதால்தானே தெரிந்தது? இதை வேறு யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. இனி யார் கேட்டாலும் இரண்டு பக்கத்தையும் பற்றிச் சொல்ல அந்த ஊரில் அவள் ஒருத்திதான் உண்டு. தலைக்கு மேலே கேமரா போனபோது முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினாள்.

உடனே போன் வந்தது. பெண்தான். டிவிக்கு முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "பாத்தியா எங்கள?" என்று கேட்டாள் அக்கா. "இல்லம்மா. மணி அடிச்ச நேரம் பூரா புறாவைத்தான் காட்டினான்."

திங்கட்கிழமை மேனேஜரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளைக் கோட்டை அக்கா மெழுகில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அதுதான் காய்ந்த பக்கத்தில் அவள் கடைசியாகச் செய்த வேலை. அன்று மத்தியானமே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரப் பக்கம் போனாள். நகத்தை வெட்டிவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். மழைக்காலத்தில் இருமல் வருகிறது. யாராவது பரிதாபப்பட்டால், "உனக்கு இந்த ஊர்க் கோட்டைவாசல் சிங்கத்துக்கு எத்தனை காதுன்னு தெரியுமா?" என்று எதிர்க்கேள்வி கேட்பாள். அவளுடைய மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அதை எடுத்தது யார் என்று கேட்பவர்களிடம் மேனேஜரம்மா என்று சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை.

ஈஸ்டர் அன்று சதுக்கத்தில் பெண்ணின் போனை வைத்தபோது கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. மேனேஜரம்மா இன்னும் அங்கேயே, கையில் கோட்டோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். காலையிலிருந்து எத்தனையோ பேர் அக்காவிடம் போனை நீட்டியிருந்தார்கள். அவளையும் வீட்டுக்காரரையும் யாரும் ஒரு படம் எடுக்கவில்லை. அக்கா நேராக மேனேஜரம்மாவிடம் போனாள். அவர் கையிலிருந்த கோட்டை எடுத்து டிரைவரின் தோளில் போட்டாள், காலியான கையில் தன் போனை வைத்தாள்.

"மேடம், எங்களை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. கோபுரம் உச்சி வரைக்கும் வரணும், எங்க செருப்பும் வரணும், நடுவுல எதையும் வெட்டிடாதீங்க. நாங்க முன்பக்கம் நிக்கறோம்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். அப்புறம், இவரு கண்ணை மூடிக்குவாரு, அதனால ரெண்டா எடுங்க."